கோழித்தொரையின் இரண்டாவது பெட்டி

நீலகிரிக்கு வந்து குளிரை ரசித்தவர்கள் உண்டு, குளிருக்குப் பயந்து மலையிறங்கி ஓடியவர்கள் உண்டு. குளிரோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டிய ஒரே மனிதர் கோழித்தொரைதான். காலையில் கதவைத் திறந்து, வாசலில் நிற்கும் மூடுபனியைப் பார்த்து, "வந்துட்டியா? வா, இன்னிக்கி ஒன்னய ஒரு கை பாத்துடுறேன்" என்று சவால் விட்ட பிறகுதான் பல் துலக்கவே போவார். பாகப்பிரிவினையில் ஏமாற்றிய பங்காளியிடம்கூட ஒருவர் அத்தனை வஞ்சம் வைத்திருக்க முடியாது.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இலங்கைத் தோட்டத்தில் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போன தொப்பியை அவர் தலையிலிருந்து இறக்கியதே இல்லை. அவர் நடந்தால் பின்னால் நாலைந்து கோழிகள் நடக்கும். இரண்டையும் சேர்த்துக் கோழித்தொரை ஆக்கிவிட்டார்கள். அவருக்கும் அதில் ஏகப் பெருமை.

மஞ்சூருக்கு மேலே, இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களைக் குடியமர்த்தப் புதிதாகப் போட்ட தேயிலைத் தோட்டம் அது. நான் அங்கே நர்ஸ். மேட்டுப்பாளையத்து வெயிலில் வளர்ந்தவள், சின்ன வயது, மூக்குக்கு மேல் கோபம். ஆஸ்பத்திரி என்று பலகை மாட்டியிருந்தார்களே தவிர, உள்ளே இருந்தது இரண்டு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், கதவு சரியாக மூடாத மருந்து அலமாரி, அப்புறம் நான். டாக்டர் வாரம் ஒருமுறை ஊட்டியிலிருந்து ஜீப்பில் வருவார், அதுவும் ரோடு அனுமதித்தால். என்னை எல்லோரும் 'மிஸ்ஸி' என்பார்கள். இலங்கையில் நர்ஸுக்கு அதுதான் பேராம்.

கோழித்தொரைக்கும் எனக்கும் முதல் சண்டை கரிச்சட்டியால் வந்தது. போர்வைக்குள் கரிச்சட்டியை வைத்துப் படுத்தால் குளிர் தோற்று ஓடும் என்று அவர் கண்டுபிடித்தார். போர்வை தோற்றது, வேட்டி தோற்றது, குளிர் அப்படியே இருந்தது. முழங்கையில் கொப்பளத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க தொரை, நெருப்பக் கட்டிப்புடிச்சுட்டு யாராச்சும் தூங்குவாங்களா?"

"நெருப்பு மேல தப்பில்ல மிஸ்ஸி. போர்வதான் மெல்லிசு. கப்பல விட்டெறங்குன கேம்புல குடுத்தது."

அடுத்து, கிழிந்த ஸ்வெட்டர்களின் கைகளை வெட்டிக் கோழிகளுக்குச் சட்டை தைத்தார். கோழிகள் ஒருமாதிரி சமாளித்துக்கொண்டன. சேவல்தான் வெட்கப்பட்டுக் கூவுவதையே நிறுத்திவிட்டது. அதை நம்பி எழுந்துகொண்டிருந்த அவருடைய லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், பாதிப்பேர் வேலைக்குப் பிந்திப்போனார்கள். கங்காணி நேரில் வந்து சேவலின் சட்டையைக் கழற்றிய பிறகுதான் தோட்டம் வழக்கத்துக்குத் திரும்பியது.

அவரிடம் இரண்டு தேயிலைப் பெட்டிகள் இருந்தன. இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மெல்லிய பலகையில் செய்து, விளிம்புகளில் தகரப்பட்டை அடித்து, தூளில் ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே முழுவதும் வெள்ளியாய் மினுங்கும் ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள். கண்டிப் பக்கத் தோட்டத்தில் இந்தப் பெட்டிகளை அடிப்பதுதான் கோழித்தொரையின் வேலை. கப்பலேறி வந்த குடும்பங்களில் பாதிப்பேர் ஒரு வாழ்நாள் சாமான்களை இப்படிப்பட்ட பெட்டிகளில் திணித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

முதல் பெட்டி காலி. இரண்டாவது பெட்டி கயிறு கட்டியபடியே அவர் தலைமாட்டில் இருந்தது. அதை அவர் மனைவி அக்கரையில் கட்டினாராம். இங்கே வந்து இறங்கியதும் கேம்பிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அதை ஏன் திறப்பதில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"தொறந்தா வாசம் போயிரும் மிஸ்ஸி. உள்ள கண்டி இருக்கு."

எதற்கெடுத்தாலும் அவரிடம் எரிந்து விழுகிற நான் அன்றைக்கு மட்டும் அந்தப் பெட்டியில் கால் படாமல் ஒதுங்கி நடந்து வந்துவிட்டேன்.

இனி அந்தப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. தை மாதம், புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த ஒரு காலை. லயத்துக்குள் கோழி வளர்க்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அடைக்கோழியைக் கீரிப்பிள்ளை கொண்டுபோய்விட்டதால், தாயில்லாத குஞ்சுகளை இவர் அடுப்போரம் வைத்திருக்கிறார். முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்க ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் கையில் வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் லயத்தைச் சோதிக்க வந்துவிட்டார்.

பதறிப்போன மனிதர் குஞ்சுகளை அள்ளிக் காலிப் பெட்டியில் போட்டார், பதற்றத்தில் கையிலிருந்த வெந்நீர் பாட்டிலையும் உள்ளே போட்டார். மேலே சாக்கை விரித்து, அதன்மேல் பலகையைச் சாய்த்து, ஏறி உட்கார்ந்துகொண்டார். மேனேஜரோ கூரை ஒழுகுவதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்து நகரவே மாட்டேன் என்கிறார். பெட்டிக்குள்ளிருந்து 'கீச்' என்று சத்தம். கோழித்தொரை உடனே விக்கினார். இன்னொரு 'கீச்.' இன்னொரு விக்கல். கடைசியில் மேனேஜர், "இந்தாளுக்கு என்னமோ பண்ணுது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆள் போட்டு என்னிடமே அனுப்பிவிட்டார். நான் விக்கலுக்கு மருந்து கொடுத்தேன். அவரும் மரியாதையாகக் குடித்தார்.

திரும்பிப்போய்ப் பெட்டியைத் திறக்கும்போது எல்லாம் விறைத்துச் செத்திருக்கும் என்றுதான் நினைத்தாராம். குஞ்சுகள் ஒவ்வொன்றும் சூடாக, துள்ளிக்கொண்டு இருந்தன. வெளியே வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தது. மனிதர் மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தார்.

"மிஸ்ஸி! குளிரு தோத்துருச்சி! கண்டுபுடிச்சிட்டேன்! கண்டித் தேயில வாசம் மிஸ்ஸி. பொட்டியில ஊறிக் கெடக்கில்ல, அதுக்குப் பயந்துதான் குளிரு உள்ள வரல!"

"வெந்நீர் பாட்டில் வெச்சிருந்தீங்கல்ல? அந்தச் சூடுங்க."

"வெந்நி என் முட்டிக்குந்தான் வெச்சேன். முட்டி சரியாச்சா?"

அதற்கப்புறம் எந்தக் குஞ்சும் அவர் கையில் குளிரில் சாகவில்லை. வாசக் கதையை அவர் தோட்டம் முழுக்கப் பிரசாரம் செய்தார். மூக்கடைப்பு என்று போனவனைக்கூடப் பெட்டிக்குள் தலையை விட்டு மூச்சிழுக்கச் சொன்னார். கார்த்திகை மாதம் தன் கண்டுபிடிப்பை மேலும் விருத்தி செய்தார். பலகையில் ஊறிய வாசத்தை ஈயத்தாள் மறைக்கிறது என்று சொல்லி, அந்தப் பெட்டியின் தாளை முழுவதும் சுரண்டி எடுத்து, லயத்துப் பிள்ளைகளுக்குக் கிரீடம் செய்து கொடுத்துவிட்டார். குஞ்சு பொரிக்கும் காலம் இல்லை. ஆகவே அது சரியா தப்பா என்று சொல்ல ஒரு குஞ்சும் இல்லை.

அந்தக் கார்த்திகையில்தான் மலை சரிந்தது. மழை விடாமல் கொட்டி, கீழே ரோட்டில் மண் இறங்கி, பஸ் நின்றது. கரண்டும் போயிற்று. அடுத்த நாள் விடியும்போது செல்வியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோழித்தொரையின் பக்கத்து வீட்டுப் பெண். அவரோடு ஒரே கப்பலில் வந்தவள். தலைப்பிள்ளையைக் கேம்பில் பறிகொடுத்தவள். இது இரண்டாவது. நாள் வர இன்னும் வெகுகாலம் இருந்தது.

என்னால் வலியை நிறுத்த முடியவில்லை. குழந்தை பிறந்துவிட்டது. பெண். என் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிட்டாள். இதைவிடப் பெரிய பிள்ளைகள் போனதை நான் பார்த்திருக்கிறேன். அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். செல்விக்கு உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் புருஷன் பெரியசாமியைப் பார்த்து, "ஓடுங்க, மண்சரிவைத் தாண்டிப் போயி டாக்டரக் கூட்டியாங்க" என்று கத்தினேன். அவன் செருப்புக்கூடப் போடாமல் மழையில் இறங்கி ஓடினான்.

குழந்தையைப் பஞ்சில் சுற்றி, என் ஸ்வெட்டருக்குள் மார்போடு போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் பரவாயில்லை. செல்விக்கு மறுபடி உதிரம் பொங்கியது. இரண்டு கையும் அங்கே வேண்டும். வந்திருந்த பெண்களிடம் கொடுக்கலாமென்றால், எல்லோரும் தொப்பலாக நனைந்து, அவர்களே வெடவெடவென்று நடுங்குகிறார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றுதான், அதில் வெந்நீர் கொதிக்கிறது. குழந்தையின் பாதத்தைத் தொட்டேன், ஐஸ். தெர்மாமீட்டரில் வெள்ளிக்கோடு கீழேயே கிடந்தது.

"சாமி, இதையும் எடுத்துக்காதே" என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் கோழித்தொரை உள்ளே வந்தார், ஒரு கையில் புகையும் கரிச்சட்டி, தோளில் குஞ்சு வளர்த்த அந்த முதல் பெட்டி.

"புகையா? மூச்சு விடவே இப்பத்தான் படிக்குது, அதுக்குப் புகையா கொண்டாறீங்க? எடுத்துட்டுப் போங்க அக்கட்டால!"

கரிச்சட்டியை வாசலில் எறிந்துவிட்டு, பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு திரும்ப வந்தார். "இத வையுங்க மிஸ்ஸி. குஞ்சு பொழைக்கல? புள்ளயும் பொழைக்கும்."

"கோழிப் பெட்டியிலயா? உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா?"

"எனக்கு இல்லதான். ஒங்களுக்கு இப்ப வேற வழி இருக்கா?"

இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, பஞ்சும் வெள்ளைத்துணியும் போட்டு, குழந்தையை உள்ளே வைத்தேன். "பாட்டிலு வேணும், சூடா வெக்க. யாரு ஊட்டுல இருக்குது?" என்று பெண்களைக் கேட்டேன். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. ஆனால் சற்று நேரத்தில் லயத்தின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாட்டில் வந்து குவிந்தது. கங்காணி வீட்டிலிருந்துதான் அதிகம் வந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் குழந்தையைச் சுற்றி அடுக்கினோம்.

செல்வியிடம் போய் வந்து பார்க்கிறேன், பாட்டில்கள் வெதுவெதுப்புக்கு இறங்கிவிட்டன. மாற்றினோம். மறுபடி பார்க்கிறேன், மறுபடி ஆறிவிட்டன. பலகையின் இடுக்கெல்லாம் காற்று ஏறுகிறது. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. மூச்சு விட்டு, நிறுத்தி, யோசித்து, மறுபடி விட்டது. ஒவ்வொரு முறை அது நிறுத்தும்போதும் அந்த அறையில் எல்லோரும் மூச்சை நிறுத்தினோம்.

"மூடியப் போடுங்க மிஸ்ஸி, வாசம் வெளிய போவுது!"

"வாசமாவது மண்ணாங்கட்டியாவது! மூடினா மூச்சு முட்டிச் சாகும்!" என்று அலறினேன். "உங்க குஞ்சு பொழைச்சப்ப இந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு, இப்ப என்ன இல்ல? வாசத்த உடுங்க. யோசிச்சுச் சொல்லுங்க!"

அவர் பெட்டிக்குள் பார்த்தார். வெறும் பலகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் வாயில் அது வருவதற்குள் அவர் முகம் இருண்டுவிட்டது.

"ஈயத்தாளு" என்றார் மெதுவாக. "நான்தானே உரிச்சேன்."

அடுத்த நொடி மழைக்குள் ஓடிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், மனிதர் பயந்து ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். "போங்க, எங்கியோ போய்த் தொலைங்க" என்று திட்டிக்கொண்டே, கோழிக்குஞ்சு வளர்த்த பெட்டியில் ஒரு பிள்ளையை வைத்த என் புத்தியையும் சேர்த்துத் திட்டினேன்.

அவர் திரும்பி வந்தபோது தலையில் தொப்பி இல்லை. முதன்முதலாக அவர் வழுக்கையைப் பார்த்தேன். தலைமேல் இரண்டாவது பெட்டி இருந்தது, கயிறு கட்டியபடியே. வரும் வழியெல்லாம் தார்ப்பாயைப் போர்த்தி நனையாமல் கொண்டுவந்திருந்தார். தரையில் இறக்கி வைத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் கிளறினார், பல்லால் இழுத்தார், வரவில்லை. ஒரு கணம் முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிந்தது, ஆனால் நேரம் இல்லை.

"தொரை..." என்றேன்.

"கத்தரி குடுங்க மிஸ்ஸி."

வெட்டினார். மூடியைத் தூக்கினார்.

அந்த வாசம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. உலர்ந்த தேயிலை, கொஞ்சம் கறுவாப்பட்டை, பழைய புடவை. அறை முழுக்கப் பரவியது. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். கட்டிலில் கண்மூடிக் கிடந்த செல்வி, "மாமா, நம்ம தோட்டத்து ஸ்டோரு மாதிரி மணக்குது" என்றாள். தேயிலை ஃபேக்டரியை அவர்கள் ஸ்டோர் என்பார்கள். கோழித்தொரை உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் அள்ளித் தரையில் போட்டார். ஒரு கூறைப்புடவை, ஒரு இடியாப்ப உரல், ஒரு பொட்டலம் தூள், மனைவியோடு எடுத்த, கண்ணாடி போட்ட ஒரு படம். படத்தை மட்டும் கவிழ்த்து வைத்தார். பெட்டியின் உள்சுவர் நாலு பக்கமும் பளபளவென்று மினுங்கியது.

பாட்டில்களை மாற்றி அடுக்கினேன். மெத்தென்ற விரிப்பு வேண்டுமே என்று கண்ணால் தேடினேன். நான் கேட்கவில்லை, அவரே கூறைப்புடவையை எடுத்து நீட்டினார். அதை மடித்துப் போட்டு, குழந்தையை வைத்து, மூடியை ஓரமாகச் சாய்த்துக் காற்றுக்கு இடம் விட்டேன். செல்வியிடம் ஓடினேன். வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "தொரை, தொட்டுப் பாருங்க. பாதத்தை" என்றேன்.

"குளுருது மிஸ்ஸி."

"இப்ப?"

"குளுருது."

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ்ஸி, எனக்கு ஒண்ணும் ஆவாது. அதப் பாருங்க." இரண்டு பேரையும் பார்க்க எனக்கு நாலு கை இல்லையே என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பெண்கள் பாட்டிலை வாங்குவதும் நிரப்புவதும் நீட்டுவதுமாக இருந்தார்கள். வெளியே மழை, உள்ளே ஸ்டவ்வின் சத்தம். கோழித்தொரை பெட்டிக்குள் கையை விட்டபடி, முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். திடீரென்று அவர் தோள் குலுங்கியது.

"என்ன ஆச்சுங்க? சொல்லுங்க!"

"ஒதைக்குது மிஸ்ஸி" என்றார். "சூடாருக்கு. என்னய ஒதைக்குது!"

குழந்தை அழுதது. சின்ன அழுகைதான், ஆனால் நிஜமான அழுகை. உதடு சிவந்திருந்தது. செல்விக்கும் உதிரம் அடங்கிக்கொண்டு வந்தது. அங்கிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். நானும்தான்.

பொழுது சாயும் நேரம் டாக்டர் இடுப்புவரை சேற்றோடு வந்து சேர்ந்தார், பெரியசாமி அவரை மண்சரிவில் பாதித் தூரம் தோளில் தூக்கியே வந்திருந்தான். தாயைப் பார்த்து ஊசி போட்டார். பெட்டியைப் பார்த்தார். சாராய பாட்டில்களைப் பார்த்தார். இந்த மழையில் சரிவைத் தாண்டித் தூக்கிப் போவதைவிட ரோடு திறக்கும்வரை இதிலேயே இருக்கட்டும் என்றார். அப்புறம் ஒரு கதை சொன்னார். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ஒரு பிரசவ டாக்டர் மிருகக்காட்சிசாலைக்குப் போனாராம். அங்கே கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருந்த சூட்டுப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான், குறைமாதப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியதாம்.

கோழித்தொரை கவனமாகக் கேட்டார். "அப்ப அவரும் கோழி பாத்துத்தான் படிச்சாரு" என்றார். "அவரு பொட்டியிலயும் கண்டித் தூளுதானே இருந்திச்சி?"

"யோவ், ஈயத்தாளுங்க! அது சூட்ட வெளிய உடல, காத்த உள்ள உடல!" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"நீங்க படிச்சவங்க, சொல்லுறீங்க, சரி. ஆனா பொட்டியத் தொறந்ததும் வாசம் வந்திச்சா இல்லியா? அதுக்கப்புறந்தானே புள்ள அழுதிச்சி?"

டாக்டர் சிரித்த சிரிப்பில் ஸ்டெதஸ்கோப் கீழே விழுந்தது. என்னால் அந்த மனிதரைக் கடைசிவரை ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை. தோட்டத்தில் எல்லோரும் அவர் பக்கம்தான். 'கண்டி வாசத்தில் பிழைத்த பிள்ளை' என்றே அவளுக்குப் பேராகிவிட்டது.

ரோடு திறந்து, தாயையும் பிள்ளையையும் ஜீப்பில் ஊட்டிக்கு ஏற்றிவிட்ட அன்று பெட்டி காலியாகி என் கைக்கு வந்தது. துடைத்து, அவர் சாமான்களையெல்லாம் மடித்து அடுக்கி, புதுக்கயிறு ஒன்றும் தேடி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கூறைப்புடவையைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தேன். படத்தை மேலாக வைத்திருந்தேன்.

அவர் பெட்டியைத் திறந்து, குனிந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"கண்டி போயிருச்சி மிஸ்ஸி" என்றார்.

"தெரியுங்க தொரை" என்றேன்.

மறுபடி குனிந்தார். இம்முறை வெகுநேரம் முகர்ந்தார். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "பால் வாசம் அடிக்கிது. எங்களுக்குத்தான் புள்ள இல்லியே. அவ இருந்தா இதத்தான் முகந்து பாத்துக்கிட்டுக் கெடப்பா."

கயிற்றை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். படத்தைச் சுவரில் மாட்டினார். பெட்டி அதற்கப்புறம் மூடாமலேயே இருந்தது.

நான் மலையிறங்கி எத்தனையோ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போதும் எங்காவது பச்சிளங்குழந்தைகள் வார்டில் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தால், சுற்றிலும் யாரும் இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஒருமுறை குனிந்து முகர்ந்து பார்க்கிறேன்.